மூலை இல்லாத கொட்டகை

காற்று அடித்தால் எனக்குப் பயம். அடிக்காமல் நின்றுபோனால் அதைவிடப் பயம். சித்திரை மாதம் மத்தியானத்துக்கு மேல் பனையோலை ஒன்றுகூட அசையாமல், கொல்லிமலைப் பக்கம் வானம் மட்டும் கறுத்துக்கொண்டு வருமே, அந்த நேரத்தில் என் வயிற்றில் சோறு நிற்காது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"டிவில வானிலை சொல்றவிங்கள எல்லாம் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு உன்ற வயித்தக் கொண்டுபோயி வெச்சறலாம் அம்மிணி" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆட்டையாம்பட்டியில் பிறந்த வீட்டில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிப்பு நின்றது, யோசனை நிற்கவில்லை. எதைப் பார்த்தாலும் இது எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் முதலில் தோன்றும். அது பிறவிக் குணம், தார் சுற்றியதால் வந்ததல்ல.

வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண் கெட்டுப்போய், இனி அந்த வேலையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் சேந்தமங்கலம் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை போட்டோம். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் எங்களுடையது. வளர்ந்த பிறகு கம்பெனி லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும். இதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நிலம் நங்கையுடையது. வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்து வழக்கம் அது. புருஷன் போன பிறகு அவர் பிறந்த ஊருக்கே வந்து, எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். வாடகை, குத்தகை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. "எந் தம்பி பொளைக்கட்டும்" என்று விட்டுவிட்டார். அதனாலேயே அவர் ஒன்று சொன்னால் எங்களால் தட்ட முடியாது.

போன வருஷக் கோடையில் ஒரு நாள் சாயங்காலம் காற்று வந்தது. கோழிக் கொட்டகைக்குப் பக்கச் சுவர் கிடையாது, கம்பி வலைதான். காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தள்ளும். அன்றைக்குக் குஞ்சு விடும் பக்கத்திலிருந்த சிமெண்ட் அட்டைகளை அது ஒவ்வொன்றாகக் கழற்றியது. ஓர் அட்டை பறந்து போய்ச் சோளக்காட்டில் செங்குத்தாகக் குத்தி நின்றது. இன்னொன்று, என் வீட்டுக்காரர் அப்போதுதான் நகர்ந்த இடத்தில் விழுந்தது. நனைந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் மிஞ்சவில்லை.

கம்பெனி சூப்பர்வைசர் மறுநாள் வந்து பார்த்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், பேச்சே வேறு மாதிரி இருக்கும். "அக்கா, ஒரு தடவைன்னா காத்து மேல பழிய போட்டுடலாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க பண்ணைக்கு குஞ்சே இறக்க மாட்டாங்க. நானே சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் அந்த உருண்டைக் கொட்டகைப் பேச்சை எடுத்தார். மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் விருந்தாளிகள் தங்க அப்படி ஒன்று கட்டியிருக்கிறார்கள். பட்டறையில் இருந்தபோது அதற்குக் குழாய் வெட்டிக் கொடுத்தவர் இவர். ஜியோடெசிக் டோம் என்று அதற்குப் பெயராம். முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்து அரைப் பந்து மாதிரி நிறுத்துவது.

சோறு தின்ற கையைக் கழுவாமலே ஈர்க்குச்சியை ஒடித்து நூலால் கட்டி எங்களுக்குக் காட்டினார். நாலு குச்சியில் ஒரு சதுரம், மூன்று குச்சியில் ஒரு முக்கோணம். சதுரத்தை விரலால் அமுக்கினால் சாய்ந்தது. முக்கோணம் அசையவில்லை.

"லாரி பாடிக்குக் குறுக்குப் பட்டை எதுக்குப் போடறோம்? இதுக்குத்தான். இதுல மொத்தமுமே குறுக்குப் பட்டை. வெல்டிங்கே வேண்டாம், குழாய் முனையத் தட்டையாக்கி ஓட்டை போட்டு போல்ட்டு முறுக்குனாப் போதும். உள்ள ஒரு தூண் கெடையாது. காத்து வந்தா முட்டறதுக்கு செவுரு இல்ல, வழுக்கிட்டுப் போயிரும். நாளைக்கு எடம் மாத்தோணும்னா கழட்டி டிராக்டர்ல ஏத்திக்கலாம்."

"என்றா இது, இட்லிச் சட்டி மூடியாட்ட இருக்குது" என்றார் நங்கை.

"பஞ்சாரம்னு நெனச்சுக்கக்கா. நம்ம கோளியக் கவுத்து மூடற பஞ்சாரத்துல மூலை இருக்குதா? அதயக் காத்து தூக்கிப் பாத்திருக்கறயா?"

"பஞ்சாரத்து மேல கல்லு வெப்பாங்கடா, அதனால தூக்கறதில்ல."

"நாங்களும் வெக்கறோம். மேல இல்ல, அடில."

நங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் முகம் மாறியது. "மூலையே இல்லீன்னா கன்னி மூலை எங்கடா வரும்?" என்று கேட்டார்.

தென்மேற்கு மூலையைத்தான் கன்னி மூலை என்பது. வீடானாலும் கொட்டகையானாலும் அந்த மூலை உயர்ந்து, பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். நங்கை அதைச் சும்மா சொல்பவர் அல்ல. அவர் வாழ்க்கைப்பட்டது அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டை ஒட்டிய வீடு. ரோட்டை அகலப்படுத்த வந்தபோது அந்த வீட்டின் தென்மேற்கு மூலையைத்தான் வெட்டினார்கள். அவர் புருஷன் அந்த வருஷமே போய்விட்டார். நன்றாக இருந்த மனுஷன், காலையில் எழுந்திருக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நங்கையிடம் யார் வாதாடுவது? என்னால் முடியாது. அந்தப் பயமும் எனக்குள் பாதி இருந்தது.

கடைசியில் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். உருண்டைக்குள்ளே தென்மேற்கில் ஹாலோ பிளாக் கல்லில் இரண்டு குட்டைச் சுவர் எழுப்பி மூலையாகச் சேர்ப்பது, அந்த மூலையில் தீவன மூட்டைகளை அடுக்கிப் பாரம் ஏற்றுவது. நங்கைக்குத் திருப்தி. சுவர் வைக்கும்போது அவரே வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

கொட்டகை எழும்பியபோது நான் ஆச்சரியப்பட்டது உண்மை. இரண்டே அளவு குழாய்தான். ஒன்றுக்குச் சிவப்புச் சாயம், இன்னொன்றுக்கு நீலம், மாறிப்போகாமல் இருக்க. கீழ் வரிசை நின்றபோது தொட்டால் ஆடியது. மேலே ஒவ்வொரு வரிசை ஏற ஏற ஆட்டம் குறைந்தது. உச்சிக் குழாயை மாட்டிக் கடைசி போல்ட்டை முறுக்கியதும், மொத்தக் கூடும் ஒரே கட்டையாக இறுகியது. வீட்டுக்காரர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவரே வந்து அளவெடுத்து, தொப்பி மாதிரி தைத்து மூடினார். உச்சியில் அனல் போக ஒரு வாய் விட்டு, அதற்குத் தகரக் குடை. அடியில் கான்கிரீட் குழி, அதில் கூட்டைப் பிணைக்க லாரிச் சங்கிலி. பழைய கொட்டகைக்கு ஆன இரும்பில் பாதிகூட ஆகவில்லை.

ஆனால் என் கண் வேறு இடத்துக்குப் போயிற்று. நேர் சுவரை வளைந்த சுற்றுக்குள் வைத்தால் அதன் முதுகுப் பக்கம் என்ன ஆகும்? ஒவ்வொரு சுவருக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஓர் இடுக்கு. வாயில் ஓர் ஆள் உட்காரலாம், உள்ளே போகப் போகக் கத்தி முனை மாதிரி ஒடுங்கிப்போகும். நங்கை கேட்டது ஒரு மூலை. கூடவே கேட்காத இரண்டும் வந்து நின்றன.

சூப்பர்வைசர் கொட்டகையைப் பார்த்து முதலில் குதூகலமாகத்தான் இருந்தார். "அக்கா, குஞ்சுக்குக் குளிரோ பயமோ வந்தா மூலையா பார்த்து ஓடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்துடும். அதுக்குத்தானே முதல் வாரம் தகட்டை வளையமா நிறுத்தி உள்ள விடறோம்? இங்க கொட்டகையே வளையம்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். "இது எதுக்குங்க?" என்றார். பக்கத்தில் நங்கை நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பார்த்துக்கங்க" என்று வண்டியை எடுத்தார்.

அந்தப் 'பார்த்துக்கங்க' என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏனுங்க, அந்த இடுக்க அடைச்சுப் போடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"இப்பத் தகட்டு வளையத்துக்குள்ளதான குஞ்சு கெடக்கும்? வளையத்த எடுக்கறப்ப அதே தகட்ட அங்க வளைச்சு நிறுத்திரலாம். இப்பவே என்னத்துக்கு மண்டையப் போட்டு ஒடச்சுக்கற?"

இரண்டாயிரம் குஞ்சு இறக்கினோம். அந்த வாரம் கொட்டகை நன்றாகத்தான் நடந்தது என்று சொல்ல வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அனல் மேலே ஏறி உச்சி வழியாகப் போய்விடும். விடியற்காலைக் குளிருக்கு வாயை மூடினால் பல்பு சூடு சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். பழைய கொட்டகைக்குப் போட்டதில் பாதிப் பல்புதான் போட்டோம். குஞ்சுகள் பரவலாகக் கிடந்து தூங்கின. குளிர்கிற குஞ்சு கூடும், சூடு தாங்காத குஞ்சு ஓடும், சுகமாக இருப்பது பரவிக் கிடக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் மனம் ஆறும். எனக்கும் ஆறியது, பாதி.

ஆறாத பாதிக்குக் காரணம் சத்தம். அந்த உருண்டைக்குள் சத்தம் நின்ற இடத்தில் நிற்காது. வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் குனிந்துகொண்டு தனக்குத் தானே முனகினால், என் காதோரம் யாரோ பேசுவது மாதிரி கேட்கும். முதல் தடவை திரும்பிப் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்து, கதவுப் பக்கம் ஓடினேன். ஒரு குஞ்சு கத்தினால் எங்கிருந்து கத்துகிறது என்று காதால் சொல்ல முடியாது. இதை நங்கையிடம் சொன்னேன். "நல்லதுதான, எங்கிருந்து கூப்புட்டாலும் கேக்கும்" என்றார்.

வளையத்தை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. குஞ்சு வளர்ந்துவிட்டது, இடம் கொடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சொன்னபடியே வீட்டுக்காரர் அந்தத் தகட்டை வெட்டி, இரண்டு இடுக்குகளின் வாயிலும் வளைத்து நிறுத்தி, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்தார். நான் காலால் தள்ளிப் பார்த்தேன். நின்றது.

அன்று மத்தியானம் காற்று நின்றது. எருமைகள் தண்ணீர்த் தொட்டிக்கு வரவில்லை. மலை தெரியவில்லை, மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் இருந்தது. நான் மூன்று பேரையும் இங்கேயே இருக்கச் சொன்னேன், எங்கள் வீட்டு நாயையும் சேர்த்துத்தான் மூன்று. யாரும் சிரிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் செம்மண் புழுதி முதலில் வந்தது, பின்னால் காற்று. வந்த நிமிஷமே கரண்ட் போயிற்று. வீட்டுக்காரர் வெளியே சங்கிலிகளை இறுக்க ஓடினார். நானும் நங்கையும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினோம். பழைய கொட்டகையில் காற்று வந்தால் முட்டும், உடைக்கும், எங்கே அடிக்கிறது என்றாவது தெரியும். இங்கே அது எங்களைச் சுற்றி வழிந்து போயிற்று. குழாய் எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஒரு முனகல். ஆனால் ஒன்றும் ஆடவில்லை. வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் நிஜம்தான் என்று நினைத்தேன். நினைத்த அதே நேரத்தில் தார்ப்பாயின் அடி ஓரம் ஒரு சாண் எழும்பி அடித்தது. தகடு விழுந்த ஓசை கேட்டது.

செல்போன் விளக்கைப் போட்டேன். நடுவில் குஞ்சு இல்லை. தரையில் பரப்பியிருந்த தேங்காய்நார்த் தூள் மட்டும் கிடந்தது.

சத்தம் இருந்தது. கீச்சுக் கீச்சு என்று உயிர் போகிற சத்தம், கதவுக்குப் பக்கத்தில், வலது கைப் பக்கம். அங்கே ஓடினேன். அங்கே ஒன்றுமில்லை, தார்ப்பாய்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது, சத்தம் இங்கே கேட்டால் குஞ்சு எதிர்ப்பக்கம்.

தென்மேற்கில் இரண்டு இடுக்குகளிலும் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை இன்னும் உள்ளே போகத்தான் முட்டிக்கொண்டிருந்தன. பின்னால் வருபவை வந்துகொண்டே இருந்தன. கையை விட்டு அள்ளி நடுவில் வீசினேன். வீசிய குஞ்சு விழுந்து எழுந்து மறுபடி இங்கேயே ஓடி வந்தது. அள்ள அள்ள நிறைந்தது. அடியில் கை பட்ட குஞ்சுகள் சூடாக, அசையாமல் இருந்தன.

"நங்கை, அள்ளி ஆகாது! எடமே இருக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

இடுக்கில் கிடந்தவற்றை முந்தானையில் வாரி வெளியே கொட்டிவிட்டு, அந்த வாயிலேயே முதுகை உள்ளே கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். காலை அகட்டி, சேலையை விரித்து, இடுக்கை என் உடம்பாலேயே அடைத்தேன். குஞ்சுகள் வந்து என் மேல் முட்டின, ஏறின, வழுக்கிப் பக்கவாட்டில் போயின. நிற்க மூலை இல்லாததால் சுற்று ஓரமாகவே ஓடின, ஓடிக்கொண்டே பரவின.

இன்னொரு இடுக்கைப் பார்த்துக்கொண்டு நங்கை நின்றிருந்தார். அவர் சுவர், அவர் மூலை, மேலே அவர் மஞ்சள் தெளித்த கறை. குனிந்து வாரினார். இரண்டு கையாலும், முழங்கையாலும், தள்ளாத உடம்பை வைத்துக்கொண்டு வாரிப்போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி இறங்கி உட்கார்ந்தார். தார்ப்பாய் ஓரத்தில் புகுந்த புழுதி முழுக்க அவர் முகத்தில் அடித்தது. முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினால் இடுக்கு திறந்துவிடும் என்று பொத்தாமலே இருந்தார்.

"நங்கை, நல்லாருக்கறீங்களா?"

"ஏறி மேயறாங்க சாமி, காதக் கொத்தறான் ஒருத்தன். நீ பேசாத, அவிய சத்தத்தக் கேளு. கொறையுதா?"

குறைந்துகொண்டுதான் வந்தது. மழை இறங்கிய பிறகு காற்று ஓய்ந்தது. வீட்டுக்காரர் நனைந்து உள்ளே வந்து, நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கரிச்சட்டியில் நெருப்புப் போட்டு நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

செத்தவற்றை ஒரு சாக்கில் போட்டோம். சாக்கு நிறையவில்லை, பாதிதான். அக்கம்பக்கத்தில் அன்று இரண்டு பண்ணைகளின் கூரையே போயிருந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்து, "காத்து அடிச்ச ஊர்லயே உங்களுதுதான் கம்மி. அடுத்த லோடு உண்டுக்கா" என்றார். நான் அழுதேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

மறுநாள் விடிந்ததும் நங்கை தம்பியைக் கூப்பிட்டார். "அந்தச் செவுத்த எடுத்துரு."

"இருக்கட்டுக்கா. தகட்ட நல்லா முறுக்கி..."

"எடுத்துருங்கறேன்."

அவரே பக்கத்தில் நின்று கடைசிக் கல் போகிறவரை பார்த்தார். தீவன மூட்டை பழைய கொட்டகைக்குப் போயிற்று.

பிறகு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் மழைக்குப் பயப்படாமல் மாவு காயவைக்க, கண்ணாடி மாதிரி தகடு போட்டு இப்படி ஒன்று ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் வீட்டுக்காரர், வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதாவது ஒரு முகம் அதைப் பார்க்கும். நாற்றுப் பண்ணைக்கு ஒருவர், ஆட்டுப் பட்டிக்கு ஒருவர், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்திக்கு ஒருவர். நல்லதை எல்லாம் அவர் சொல்வார். தார்ப்பாய் தையலில் ஒழுகும், முக்கோணமாக வெட்டினால் தகடு வீணாகும், நேரான பீரோ சுவரை ஒட்டி நிற்காது என்பதை நான் சொல்வேன். போகும்போது தனியாக, "உள்ள மட்டும் செவுரு வெக்காதீங்க" என்பேன். சிலர் ஏன் என்று கேட்பார்கள். சிலர் அவரைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள்.

ஆனால் அந்தச் சாயங்காலத்திலிருந்து நங்கைக்கு இருமல். புழுதி இருமல், போய்விடும் என்றார். போகவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். சுவரை இடித்த பிறகுதான் இருமல் முற்றியது என்று ஒரு மனம் கணக்குப் போடுகிறது. புழுதி இடிப்பதற்கு முன்னாலேயே வந்தது என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டு மனதும் எனக்கே இருக்கின்றன.

நேற்றுக் கேட்டே விட்டேன். "நங்கை, வெளிப்பக்கமாவது தென்மேக்குல ஒரு கல்லு மேட வெக்கட்டுங்களா?"

அவர் இருமி முடித்தார். "என்ற ஊட்டுக்காரரு போனது மூலையாலயா இல்லையான்னு எனக்குத் தெரியாது புள்ள. தெரியாமத்தான் இத்தன வருசமாப் புடிச்சுட்டிருந்தேன். அந்தக் குஞ்சுக எதனால போச்சுன்னு எனக்குத் தெரியும். கையில எடுத்துப் பாத்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மேடையும் வேண்டாம் கீடையும் வேண்டாம், போய் வேலயப் பாரு" என்றார்.

இன்று விடியற்காலையிலேயே குஞ்சு லாரி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக இறக்கி வளையத்துக்குள் விட்டோம். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பரவித்தான் கிடந்தன. திடீரென்று என் காதுக்குப் பின்னால் நங்கை இருமினார். திரும்பவில்லை. அவர் எதிர்ப்பக்கம், கதவோரம், பெட்டியிலிருந்து கடைசிக் குஞ்சை எடுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இருமல் நிற்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.